கேட்கப்படாத கடன்

சென்ற ஆண்டு பள்ளி ஆண்டு விழாவிற்கு நம் பேரன் மாறுவேடம் பூண்டான். அகன்ற விளிம்புள்ள தொப்பி, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை, இடையில் ஒரு மரத்துப்பாக்கி. இந்தக் கோலத்தில் நம் முன் வந்து நின்று, "தாத்தா, நான் கௌபாய்!" என்றான். கௌபாய் என்றால் யாரப்பா என வினவினோம். "கெட்டவங்களைச் சுடுறவரு" என்று சற்றும் தயங்காமல் விடையளித்தான். சிரித்துக்கொண்டே அவன் தொப்பியைச் சரிசெய்து அனுப்பி வைத்தோம்.

பேரனைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. நாமும் நம் இளமையில் அவ்வாறே எண்ணியிருந்தோம். 1972ஆம் ஆண்டில் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த 'கங்கா' என்னும் படம் வெளிவந்தது. இராயபுரத்தில் அதைக் கண்டு திரும்பிய இரவில், நாமும் நம் தோழர்களும் கையைத் துப்பாக்கிபோல் நீட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். அப்போது நமக்கு வயது பதினேழு. குதிரையும் துப்பாக்கியும் கண்ணில் நின்றன. அந்த மனிதர் எதற்காக வாழ்ந்தார் என்பது கருத்தில் நிற்கவில்லை.

பிற்காலத்தில் நூல்களைப் படித்தபோதுதான் உண்மை விளங்கியது. அந்தத் தொப்பிக்காரர் வீர புருடர் அல்லர். கூலிக்கு மாடு ஓட்டியவர். 1865ஆம் ஆண்டு அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபின், டெக்சாஸ் மாநிலத்து மாட்டு மந்தைகளை வடக்கே கான்சாஸ் மாநிலத்து ரயில் நிலையங்கள்வரை நூற்றுக்கணக்கான கல் தொலைவு ஓட்டிச் சென்ற ஏழை இளைஞர்களே அவர்கள். கறுப்பின மக்களும் மெக்சிகோ நாட்டினரும் அவர்களிடையே பலர் இருந்தனர். திரைப்படங்கள் நெடுங்காலம் அவர்களைக் காட்டவில்லை என்பது வேறு கதை.

அவர்கள் மாடு மேய்த்த நிலத்திற்கு வேலி கிடையாது. வழியில் நீதிமன்றம் கிடையாது. காவல் நிலையத்தைக் காண வேண்டுமாயின் பல நாள் பயணம் செய்ய வேண்டும். அத்தகைய இடத்தில் மனிதர் ஒருவரோடொருவர் எவ்வாறு வாழ்வது? எழுதப்படாத சில வழக்கங்களே அவர்களைக் காத்தன. கொடுத்த வாக்கே பத்திரம். பசியோடு கூடாரத்திற்கு வந்தவன் யாராயினும் உணவு உண்டு. தாய்ப்பசு எவருடைய சூட்டுக்குறியைத் தாங்கியிருக்கிறதோ, அதன் கன்றும் அவருக்கே உரியது. சூடு போடப்படாத கன்றை எவனும் ஓட்டிச் சென்றுவிடலாம், பார்ப்பவர் எவருமில்லை. ஆயினும் ஓட்டிச் செல்லாதவனே அவர்களிடையே மனிதனென மதிக்கப்பட்டான். ஓட்டிச் சென்றவர்களும் இருந்தார்கள். அதனால்தான் நெறியும் தேவைப்பட்டது.

இது நமக்குப் புதிதும் அன்று. ஆநிரை கவர்தலையும் மீட்டலையும் வெட்சி என்றும் கரந்தை என்றும் திணை வகுத்துப் பாடியவர் நம் முன்னோர். ஊர்ப் பசுக்களை மீட்கப் போய் உயிர்விட்டவனுக்குக் கல் நட்டார்கள். செங்கம் வட்டாரத்தில் அத்தகைய நடுகற்கள் பலவற்றை இன்றும் காணலாம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட மிகப் பழைய நடுகற்களுள் ஒன்றும் ஆகோளில், அதாவது மாடு பிடி சண்டையில், இறந்தவனையே குறிக்கிறது. தன் மாட்டுக்காக அன்றி ஊர் மாட்டுக்காக நின்றவன் என்பதே அவன் பெருமை.

இவற்றையெல்லாம் படித்தபோது நம் நினைவு குதிரையிடம் செல்லவில்லை. காட்டுப்பள்ளிப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் வாழ்ந்து மறைந்த நம் தாய்மாமனிடமே சென்றது. அவர் குதிரையைக் கண்டதில்லை, தொப்பி அணிந்ததில்லை, தலையில் ஒரு துண்டு, இடுப்பில் வலைக்கயிறு அறுக்க ஒரு சிறு கத்தி, அவ்வளவே.

அந்நாளில் அங்குச் செல்வது ஒரு பெரும் பயணம். இராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை ரயிலில் போய், முகத்துவாரத்தில் படகேறி அக்கரை சேர்ந்து, கடலோர மணலில் நெடுந்தொலைவு நடக்க வேண்டும். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், இரண்டிற்கும் நடுவே ஒரு மணல் திட்டு. வடக்கே போனால் பழவேற்காட்டு ஏரி. பள்ளி விடுமுறைதோறும் அன்னையார் நம்மை மாமன் வீட்டிற்கு அழைத்துச் செல்வார். பழவேற்காட்டு மகிமை மாதா திருவிழாவிற்குப் படகில் போனதும் அவ்வீட்டிலிருந்துதான்.

அந்த ஏரியிலும் கழியிலும் மீனவர் கைக்கொண்டிருந்த முறைக்குப் 'பாடு' என்று பெயர். வாசகர் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். ஆதலால் சற்று விளக்குவோம். ஏரி நீர் கடலோடு கலக்கும் வழியில் சில இடங்களில்தான் இறால் மிகுதியாக விழும். நீர் இறங்கும் நேரத்தில், கழிகளை நட்டு வலையைக் கட்டிக் காத்திருக்க வேண்டும். இடங்கள் சில, வலைகள் பல. முந்தியவருக்கே இடம் என்று விட்டால் வலியவனுக்கு மட்டுமே வாழ்வு, நாள்தோறும் அடிதடி. ஆகவே ஊரார் கூடித் தலைக்கட்டுகளுக்குச் சீட்டுப் போட்டு, இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வைத்தார்கள். நல்ல இடம் இன்று ஒருவருக்கு வந்தால், நாளை அடுத்தவருக்குப் போகும். ஏழையென்றும் செல்வரென்றும் சீட்டுக்குத் தெரியாது. அரசாங்கம் இயற்றிய சட்டமன்று அது. தலைமுறை தலைமுறையாக வாய்ச்சொல்லால் மட்டுமே நின்ற ஏற்பாடு.

1966ஆம் ஆண்டு மார்கழி என நினைவு. மாமனுக்கு நல்ல இடத்தில் பாடு விழுந்திருந்தது. நிலவில்லா இரவு. பதினொரு வயதுச் சிறுவனாகிய நம்மையும் தோணியில் ஏற்றிக்கொண்டார். கழி நட்டு வலை கட்டியாயிற்று. நீர் இறங்கத் தொடங்கிய நேரம். அவ்வமயம் முகத்துவாரத்துப் பக்கமிருந்து ஒரு கூக்குரல் கேட்டது. கடலிலிருந்து திரும்பிய தோணியொன்று அலையில் கவிழ்ந்துவிட்டது. மாமன் ஒரு சொல்லும் பேசவில்லை. இடுப்புக் கத்தியை எடுத்துத் தோணியைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தார்; வலையை அப்படியே விட்டுவிட்டுத் துடுப்பைப் போட்டார். இருவரைக் கரை சேர்த்துத் திரும்பியபோது நீர் இறங்கி முடிந்துவிட்டது. கவனிப்பாரின்றிக் கிடந்த வலையில் பாதி கிழிசல். மீதியில் நண்டும் பாசியுமே இருந்தன. அந்தப் பருவத்தின் நல்ல பாடு அன்றோடு போயிற்று.

மறுநாள் காலை ஊர்ப் பெரியவர்கள் மாமனை அழைத்து, "உயிரைக் காப்பாத்திக் குடுத்திருக்கே. நாளைக்கும் அந்த எடத்துல நீயே போட்டுக்கோ" என்றார்கள். நமக்கோ பெருமகிழ்ச்சி. மாமன் தலையை அசைத்தார். "நாளைக்கு அவன் பாடு. என் பாடு நேத்தோட போச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

வழியில் நம்மால் பொறுக்க முடியவில்லை. அவர் நல்லதுதானே செய்தார், ஊராரே மனமுவந்து கொடுக்கிறார்களே, ஏன் வேண்டாமென்றார் என்று கேட்டோம். அவர் நடந்தபடியே சொன்னார்: "குடுக்குறது அவங்க. போறது அவனுது. அவன் பொண்டாட்டியப் பொன்னேரி ஆஸ்பத்திரில வச்சிக்கினு அங்க குந்தியிருக்கான். வேணான்னு சொல்றதுக்குக்கூட இங்க இல்லே பாரு, மருமவனே."

அன்று அச்சொல்லின் பொருள் நமக்கு முழுவதும் விளங்கவில்லை. அதை விளங்கிக்கொள்ள நாம் ஒரு தவறு செய்ய வேண்டியிருந்தது. அதைச் சொல்லவே இக்கட்டுரையைத் தொடங்கினோம்.

1975ஆம் ஆண்டு நம் தமக்கையாரின் திருமணம். தந்தையார் துறைமுகத்தில் மூட்டை சுமந்து குடும்பத்தைக் காத்தவர். திருமணத்திற்குப் பத்து நாளே இருக்கையில் 1,200 ரூபாய் குறைந்தது. எவரிடமும் கிடைக்கவில்லை. நம்மையும் அழைத்துக்கொண்டு தந்தையார் காட்டுப்பள்ளிக்குப் புறப்பட்டார். அவர் வாய் திறக்குமுன் மாமன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். உள்ளே போய், அரிசிப் பானைக்குள் துணியில் முடிந்து வைத்திருந்த பணத்தை எடுத்து வந்து தந்தையாரின் கையில் வைத்தார். புதிய நைலான் வலை வாங்குவதற்கென்று மூன்று பருவங்களாகச் சேர்த்த பணம் அது.

"மச்சான், ஒரு காயிதம் எழுதிக் குடுத்துடுறேன்" என்றார் தந்தையார்.

"நமக்குள்ள என்னா மாப்பிள்ள காயிதம்? தையில குடுத்துடுங்க. தையில வலைய மட்டும் வாங்கியாவணும்" என்றார் மாமன்.

திருமணம் நன்கு நடந்தது. தை வந்தது, பணம் வரவில்லை. மறு தையும் வந்தது. 1977ஆம் ஆண்டு தந்தையார் நோயுற்று மறைந்தார். இறுதி நாள்களில் நம் கையைப் பற்றிக்கொண்டு, "வலைக் காசு" என்று மட்டும் சொன்னார். தலையசைத்தோம்.

மறு ஆண்டு திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் பண்டக எழுத்தராக வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் வந்தது. முதலாண்டில் கொடுத்திருக்கலாம், சைக்கிள் வாங்கினோம். பின்னர்த் திருமணம், வீட்டுக்கு முன்பணம், குழந்தை. ஒவ்வொரு முறையும் ஒரு நியாயம் கிடைத்தது. நியாயங்கள் எப்போதும் கையருகே இருப்பவை அன்றோ! நம் மூத்த மகனின் ஞானஸ்நானத்திற்கு 1982இல் மாமன் வந்தார். ஓலைக் கூடை நிறைய மீன் கொணர்ந்து அடுக்களையில் வைத்தார், குழந்தையின் கையில் ஐந்து ரூபாய் வைத்தார், உண்டார், போனார். வலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் மறந்துவிட்டார் எனக் கருத நமக்கு விருப்பமாயிருந்தது.

1983ஆம் ஆண்டு மாமன் காலமானார். அடக்கத்திற்குச் சென்றோம். மண் தள்ளப்படும்போது நம் உள்ளத்தில் எழுந்த எண்ணத்தை இத்தனை ஆண்டுகள் எவரிடமும் சொன்னதில்லை. 'கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை, காகிதமும் இல்லை' என்று உள்ளே ஒரு குரல் எழுந்தது. அதைத் தொடர்ந்து ஒரு சிறு நிம்மதியும் வந்தது. அழுதுகொண்டே நிம்மதியடைந்தோம். நம்மைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் மிக இழிவானது அதுவே.

அந்த நிம்மதி நெடுநாள் நிற்கவில்லை. இரவில் படுத்தால், "வேணான்னு சொல்றதுக்குக்கூட இங்க இல்லே பாரு" என்ற குரல் கேட்டது. இப்போது இங்கு இல்லாதவர் மாமன். கேட்க முடியாதவர் அவர் மனைவியாகிய நம் அத்தை. அவர் கையில் சீட்டில்லை, சாட்சியில்லை. நாம் கொடுக்காவிட்டால் எந்த நீதிமன்றமும் நம்மைக் கேட்காது. ஆதலால்தான் கொடுத்தே தீர வேண்டும் என்பது மெல்ல விளங்கிற்று.

1984ஆம் ஆண்டு தை மாதத்தில் 1,200 ரூபாயும், வட்டியாக 300 ரூபாயும் எடுத்துக்கொண்டு சென்றோம். அத்தை திண்ணையில் அமர்ந்து கருவாடு பிரித்துக்கொண்டிருந்தார். பணத்தை வைத்து, விவரத்தைச் சொன்னோம். அவர் வியப்படையவில்லை.

"வலைக் காசு. தெரியும். ஒங்க மாமா சொல்லிக்கினு இருப்பாரு, புள்ள எடுத்துக்கினு வருவான், நீ வாயத் தெறக்காதேன்னு" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாக எண்ணினார். 1,200 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை நம் பக்கம் தள்ளினார்.

"வட்டி என்னா வட்டி? போன தை திரும்பி வருமா? அந்த வலை இருந்திருந்தா ஒன் மச்சான் தண்ணிக்குப் போயிருப்பான். ரெண்டு வருசம் ஊரான் தோணில கூலிப் பங்குக்குப் போனான். அப்புறம் வெறுத்துப்போயி மீஞ்சூர்ல லாரிக்கு மூட்டை ஏத்தப் போயிட்டான். அவன் வலை புடிக்கிறதையே மறந்துட்டான், தம்பி."

கோபத்தோடு சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். தலைகுனிந்து அமர்ந்திருந்தோம். கடனைத் தீர்த்துவிட்டோம் என்று பெருமையோடு வந்தவருக்கு, தீராத பகுதி ஒன்று உண்டெனத் தெரிந்தது. வாக்கிற்கும் பாடு உண்டு. அதன் நாள் தவறினால் தவறியதுதான். கொடுத்த வாக்கைக் காப்பதென்பது கொடுப்பது மட்டுமன்று. கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுப்பது. இதை அறிய நமக்கு ஒன்பது ஆண்டுகள் பிடித்தன.

அத்துடன் அன்று முடியவில்லை. அத்தை அந்தப் பணத்திலிருந்து நாற்பது ரூபாயைத் தனியே எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, கால்வாய்ப் பக்கம் போகலாம் வா என்றார். அங்கே ஓர் இருளர் மூதாட்டி கழுத்தளவு நீரில் இறங்கிக் கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். பனையோலைக் கூடையைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார். வலையுமில்லை, தோணியுமில்லை, இரு கைகளே அவர் கருவி. மாமன் தம் இறுதி மாதங்களில் அவரிடம் இறால் வாங்கித் தம் இறாலோடு சேர்த்து வியாபாரிக்குக் கொடுத்து வந்திருக்கிறார். வியாபாரி கணக்கு முடிக்குமுன் மாமன் மறைந்துவிட்டார். அந்த நாற்பது ரூபாயை அம்மூதாட்டி கேட்டு வரவேயில்லை. கேட்டு வரத் தமக்கு உரிமை உண்டென்றே அவர் எண்ணவில்லை போலும்.

அத்தை கரையில் நின்று கைதட்டி அழைத்தார். "இந்தா, அவரு வச்சிட்டுப் போனது" என்று பணத்தைக் கொடுத்தார். மூதாட்டி ஈரக் கையால் வாங்கிக்கொண்டு, ஒரு பிடி இறாலை அள்ளி அத்தையின் முந்தானையில் போட்டார். அவ்வளவே. இருவரும் வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை.

அன்று திரும்பும் வழியில் நாம் வெகுவாகச் சிந்தித்தோம். பாடு முறை அழகியதுதான். ஆனால் அதற்கும் ஒரு வேலி இருந்தது. அந்தச் சீட்டில் இருளர் பெயர் இல்லை. பெண்கள் பெயரும் இல்லை. ஊருக்குள் நியாயமாய் இருந்த முறை, ஊருக்கு வெளியே இருந்தவரைக் கணக்கில் கொள்ளவில்லை. மாடோட்டிகளின் நெறியும் அப்படித்தான். கன்று யாருடையது என்று நேர்மையாகப் பார்த்தவர்கள், அந்தப் புல்வெளியே முன்பு யாருடையது என்று கேட்கவில்லை. செவ்விந்தியர் எனப்பட்ட மண்ணின் மைந்தர் துரத்தப்பட்ட நிலத்தில்தான் அந்த மந்தைகள் மேய்ந்தன. முன்னோர் நெறியைப் போற்றுகிறவர்கள் இதையும் மறைக்கலாகாது.

ஆயினும் பாடே இல்லாத ஒரு பெண், பாடே இல்லாத இன்னொரு பெண்ணுக்கு அந்நெறியைக் காத்துக் கொடுத்ததை நம் கண்ணால் கண்டோம். நெறி எந்த அளவு உயர்ந்தது என்று அறிய வேண்டுமாயின், வலியவர்கள் ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்துப் பயனில்லை. தனக்குரியதைக் கேட்க முடியாதவர் ஒருவர் எதிரே நிற்கையில் நாம் என்ன செய்கிறோம் என்பதே அளவுகோல்.

காலம் மாறியது. 1874ஆம் ஆண்டு ஜோசப் கிளிடன் என்பவர் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளில் அமெரிக்கப் புல்வெளியெங்கும் வேலி எழுந்தது. 1886-87 குளிர்காலத்தில் எண்ணற்ற மாடுகள் பனியில் மாண்டன. இருபது ஆண்டுகளே நிலைத்த அந்தத் திறந்தவெளி வாழ்க்கை முடிந்தது. நம் காட்டுப்பள்ளிப் பகுதியும் வேலிகளைக் கண்டது. அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் 1994இல் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்டது. கப்பல் கட்டும் தளத்திற்கும் துறைமுகத்திற்குமாகக் காட்டுப்பள்ளிக் குப்பத்துக் குடும்பங்கள் இடம்பெயர்ந்து வேறிடத்தில் குடியேறின. 2013இல் அத்துறைமுகம் திறக்கப்பட்டது. நாம் சிறுவயதில் நடந்த கடலோர மணல்வழியில் இன்று நடந்து போக இயலாது. இவற்றால் பிழைப்புப் பெற்றவர்களும் உண்டு. நாமே தொழிற்சாலைச் சம்பளத்தில் பிள்ளைகளை வளர்த்தவர். ஆகவே ஒரு பக்கம் மட்டும் நின்று பேச நமக்குத் தகுதியில்லை. ஆனால், நிலத்தோடு சேர்ந்து வளர்ந்த நெறி, நிலம் போனபின் எங்கே போகும் என்ற கேள்வி மட்டும் நம்மை விடவில்லை.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலம் 2010ஆம் ஆண்டு மாடோட்டிகளின் நெறியைத் தன் அதிகாரபூர்வ நெறியாகச் சட்டமியற்றி ஏற்றது. வாக்குத் தவறாமை, தொடங்கிய வேலையை முடித்தல், எல்லை அறிந்து நிற்றல் போன்ற பத்து அதில் உள்ளன. மீறுவோருக்குத் தண்டனை ஏதுமில்லை. சிலர் இதைக் கண்டு நகைக்கலாம். நமக்கு நகைக்கத் தோன்றவில்லை, அச்சமே தோன்றியது. ஏட்டில் எழுதிச் சுவரில் மாட்டியபின், அது வீட்டில் இருக்கிறதென்று எண்ணி நாம் உறங்கிவிடக் கூடும் அல்லவா? மாமன் வீட்டுச் சுவரில் எதுவும் மாட்டப்பட்டிருக்கவில்லை.

அன்பர்களே, பாட்டுச் சீட்டு இல்லாத நகரத்தில் வாழும் நமக்கும் கேட்க முடியாதவர்கள் பலர் உண்டு. வீட்டு வேலைக்கு வரும் அம்மையார் நோயில் படுத்த நான்கு நாள் சம்பளத்தைக் கேட்க மாட்டார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம் வட்டாரத் தொழிற்கூடங்களுக்கு வந்திருக்கும் இளைஞர், கூடுதல் நேர ஊதியம் குறைந்தால் தமிழில் கேட்க அறியார். முதிய தாய் தன் மருந்துச் செலவை மகனிடம் கேட்கக் கூசுவார். ஊரில் இல்லாத தம்பியின் பங்கு நம் கணக்கில் கிடக்கும். வேண்டாமென்று சொல்லக்கூட அங்கு இல்லாதவர்கள் இவர்கள். இவர்களிடத்தில்தான் நம் நெறி உயிரோடிருக்கிறதா இல்லையா என்பது தெரியும்.

1984ஆம் ஆண்டு தை மாதத்திலிருந்து நம் வீட்டில் ஒரு சிறு வழக்கம் உண்டு. வரவு செலவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில், எவரும் வந்து கேட்கமாட்டாத கடன்களை மட்டும் எழுதி வைப்போம். பெரும்பாலும் நம் இல்லாளே எழுதுவார். எதிரே கொடுக்க வேண்டிய நாளையும் குறிப்பார். அந்தப் பக்கத்தை முற்றும் அடித்துத் தீர்த்தோம் என்று எந்த ஆண்டும் சொல்ல முடிந்ததில்லை. முதலாண்டு நோட்டில் நம் மாமன் மகனின் பெயர் இருக்கிறது. அதற்கு எதிரே நாள் குறிக்கவில்லை. அவருடைய மகளின் படிப்பிற்கு ஆண்டுதோறும் சிறிது உதவினோம், அவரும் மறுக்கவில்லை. ஆயினும் அந்த வரியை இதுவரை அடிக்கவில்லை. அடிக்க முடியாது என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம்.

விழா முடிந்து வந்த இரவு, தொப்பியைக் கழற்றாமலே உண்ணும் பேரனுக்கு இந்தக் கதையைச் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தத் தாத்தாகிட்ட துப்பாக்கி இல்லியா?" என்றான். இல்லை, கயிறு அறுக்க ஒரு கத்தி மட்டும் வைத்திருந்தார் என்றோம். சற்று ஏமாந்தவன்போல் எழுந்து போனான்.

மறுநாள் காலை அவன் பாட்டியிடம் நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தான். தன்னோடு படித்த பையன் ஒருவனிடம் வண்ணப் பென்சில் வாங்கியிருக்கிறான்; அப்பையன் வேறு பள்ளிக்குப் போய்விட்டானாம். கடைசிப் பக்கத்தில், கோணல் மாணலான எழுத்தில், "பச்சைப் பென்சில் 1" என எழுதினான். பிறகு நம்மைப் பார்த்து, அவன் வீட்டிற்குப் போக எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்று கேட்டான்.